நான்காம் கற்பனையும் நாட்டின் கணக்குப் புத்தகமும்



ஜூலை மாதத்து நான்காம் ஞாயிறு, தேவதாயாரின் பெற்றோரான அர்ச். சுவக்கீன், அர்ச். அன்னம்மாள் திருநாளை ஒட்டி வருகிறது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டில் இந்த ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாக உலகத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தினார். அன்று நம் கோவிலிலும் வயோதிகரை அழைத்து வருகிறோம். முன்வரிசையில் உட்கார வைக்கிறோம். பொன்னாடை போர்த்துகிறோம். சிறுபிள்ளைகள் ஆளுக்கொரு பூக்கொடுக்கிறார்கள். காப்பியும் கேசரியும் கொடுத்து அனுப்புகிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் திங்கட்கிழமை விடிந்ததும் அந்தப் பாட்டியின் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று நம்மில் எத்தனைபேர் எட்டிப் பார்க்கிறோம்?

இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பதற்கு முன் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன். அதை ஒளிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வைகைக்கு வடக்கே, பெரியாற்று வாய்க்கால் பாயும் பூமியில் ஒரு கிளைக்கிராமம். அங்கே ஒரு விதவைத் தாய். வாலிபத்தில் நடவும் களையெடுப்புமாக உழைத்து, முதுகு வளைந்துபோனவள். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோகையில் அவள் வீட்டுக்கும் போவேன். அவள் எழுந்து உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். பாவசங்கீர்த்தனம் கேட்பேன். நன்மை கொடுப்பேன். ஆசீர்வதித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். இப்படி ஏழு மாதம் நடந்தது.

ஏழாம் மாதம் உபதேசியாரின் மனைவி அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கப்போய், தற்செயலாக அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். கடுகு இல்லை, சீரகம் இல்லை, மிளகும் இல்லை. ஐந்து அறையிலும் மாத்திரைகள் இருந்தன. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கார் சுகாதாரத் தொண்டர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த மாத்திரைகள் அவை. விழுங்காமல் சேர்த்து வைத்திருந்தாள். விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. திருப்பூரில் மில் வேலைக்குப் போயிருக்கும் மகளுக்குப் பிரசவமென்று இரண்டு மாதம் அங்கே போயிருந்தாள். அந்தச் சமயத்தில் ஊரில் கணக்கெடுக்க வந்தவர்கள், விலாசத்தில் ஆள் இல்லையென்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. ரேஷன் அரிசி இருந்தது. ஆனால் எண்ணெய்க்கும் பருப்புக்கும் விறகுக்கும் கையில் காசில்லை. ஒருவேளைக் கஞ்சி. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டால் மயக்கம் வருகிறது. ஆதலால் மாத்திரை பெட்டிக்குள் போயிற்று.

“ஏன் பாட்டி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. “சாமி, நீங்க நன்மை கொண்டாரீங்க. அந்த நேரத்துல போயி வயித்துப்பாட்டையா பேசுறது?”

பிரியமானவர்களே, வெட்கப்பட வேண்டியவன் நான். ஆண்டவருடைய திருச்சரீரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போனேன். அவருடைய ஏழைச் சரீரம் பட்டினி கிடந்ததைக் காணவில்லை. அலைந்து திரிந்து மனுக்கொடுத்த பின் அவளுக்கு உதவித்தொகை மறுபடியும் வரலாயிற்று. போன ஏழு மாதம் போனதுதான்.

இனி வேதாகமத்தைத் திறந்து பார்ப்போம். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஒரு சங்கதி எழுதியிருக்கிறது. எருசலேம் சபையில் நாள்தோறும் ஏழை விதவைகளுக்கு உணவு பகிர்ந்து கொடுப்பது வழக்கம். அந்தப் பகிர்வில் கிரேக்க பாஷை பேசும் விதவைகள் விட்டுப்போனார்கள். முறுமுறுப்பு எழும்பிற்று. அப்போஸ்தலர்கள் செய்ததைக் கவனியுங்கள். இது உலகக் காரியம், எங்களிடம் கொண்டுவராதீர்கள் என்று சொல்லவில்லை. பொறுமையாயிருந்து ஜெபம் பண்ணுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பவுமில்லை. சபையைக் கூட்டினார்கள். நற்பெயரும் ஞானமும் உள்ள ஏழுபேரைத் தெரிந்துகொள்ளச் செய்து, அவர்கள் தலையில் கைகளை வைத்து, அந்த வேலையை ஒப்புவித்தார்கள். திருச்சபையின் முதல் வேதசாட்சியான அர்ச். முடியப்பர் அந்த ஏழுபேரில் ஒருவர். பட்டியலில் விட்டுப்போன கிழவிகளின் பெயரைச் சேர்ப்பதற்காகவே அவர் முதன்முதலில் அபிஷேகம் பெற்றார் என்பதை மறக்கவேண்டாம்.

அர்ச். சின்னப்பரும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் விதவைகளின் பட்டியலைப் பற்றிப் பேசுகிறார். அதில் சேர்க்கப்படுவதற்கு அவர் குறிக்கும் வயது அறுபது. நம் நாட்டு முதியோர் உதவித்தொகைக்கும் இன்று அதே அறுபது வயதுதான். பட்டியல், வயது, விசாரணை, பகிர்வு இவையெல்லாம் தாலுகா ஆபீசு சமாச்சாரம், கோவிலுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இந்த அதிகாரங்களை ஒருதரம் வாசிக்கட்டும்.

சரி, நம் நாட்டில் காரியம் எப்படி இருக்கிறது?

நமது அரசியல் சாசனத்தின் 41-ஆம் பிரிவு, முதுமையிலும் நோயிலும் அரசு உதவி கிடைக்க வழிசெய்ய வேண்டுமென்று சொல்லுகிறது. அந்தக் கடமையை நம் மாகாணம் சீக்கிரமாகவே உணர்ந்தது. சென்னை இராச்சியம் என்று பெயரிருந்த காலத்தில், திரு. காமராசர் முதன்மந்திரியாயிருக்கையில், 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கும் திட்டம் தொடங்கிற்று. அது படிப்படியாக வளர்ந்து 2011-ல் 1,000 ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்குக் கணக்குப் பார்த்தால் 40 ரூபாய்.

மத்திய சர்க்கார் இதில் பங்கெடுக்கத் தொடங்கியது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ல். தேசிய சமூக உதவித் திட்டம் என்று அதற்குப் பெயர். முதலில் ஆளுக்கு மாதம் 75 ரூபாய். 2006-ல் 200 ரூபாய். 2011-ல் வயதை 65-லிருந்து 60-க்குக் குறைத்தார்கள். 80 வயது கடந்தவர்களுக்கு 500 ரூபாய் என்றும் ஆக்கினார்கள். அது நல்ல காரியம். ஆனால் எண்பதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த 200 ரூபாய் 2025–26-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலும் 200 ரூபாயாகவே நின்றது.

இருபது வருஷத்துக்கு முன் 200 ரூபாய்க்கு என்ன வாங்கினீர்கள் என்று உங்கள் வீட்டு அம்மாவைக் கேளுங்கள். அதற்குப் பிறகு விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆகவே அன்று கொடுத்த 200 ரூபாயில் மூன்றில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை. யாரும் கத்தரிக்கோல் எடுத்து வெட்டவில்லை. பத்திரிகையில் செய்தி வரவில்லை. மேடையில் எவரும் கண்டிக்கவில்லை. ஆனாலும் வெட்டு விழுந்துவிட்டது. கரையான் அரித்த உத்தரம் வெளிப் பார்வைக்கு முழுசாகத்தான் தெரியும். பாரம் ஏறுகிற நாளில்தான் உள்ளே வெறும் கூடு என்பது விளங்கும்.

இன்னொரு கணக்கும் சொல்லுகிறேன். பென்சிலை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 2016–17-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் மொத்தச் செலவுத் திட்டம் ஏறக்குறைய 19 லட்சத்து 78 ஆயிரம் கோடி. அதில் முதியோர், விதவைகள், அங்கவீனர் ஆகிய எல்லோருக்குமான இந்தச் சமூக உதவித் திட்டத்துக்கு ஒதுக்கியது 9,500 கோடி. அதாவது நூறு ரூபாயில் 48 காசு. 2025–26-ல் மொத்தத் திட்டம் 50 லட்சத்து 65 ஆயிரம் கோடியாக வளர்ந்துவிட்டது. இந்த ஏழைகளின் பங்கு 9,652 கோடி. நூறு ரூபாயில் 19 காசு. குடும்பத்தின் வருமானம் இரண்டரை மடங்கு பெருகியிருக்கிறது. பாட்டியின் தட்டில் விழுகிற சோறு மட்டும் பழைய அளவே.

இதில் மற்றொரு நெருக்கடியும் உண்டு. மத்திய சர்க்கார் பங்கு கொடுக்கும் முதியோரின் தொகைக்கு நாடு முழுவதற்கும் 2 கோடியே 21 லட்சம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அது 2001-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கை ஆதாரமாகக் கொண்டது. பட்டியல் நிரம்பிய இடத்தில் புதிதாக அறுபது வயதான ஏழை ஒருவர் அந்த மத்தியப் பங்கைப் பெறவேண்டுமானால், முன்னே இருப்பவர் ஒருவர் கண்ணை மூடவேண்டும். நம் தமிழ்நாட்டிலோ 2011-ல் நூற்றுக்குப் பத்துப்பேராக இருந்த முதியோர், 2031-ல் நூற்றுக்குப் பதினெட்டுப்பேராக இருப்பார்கள் என்று சர்க்காரின் சொந்த மதிப்பீடே சொல்லுகிறது. தலைகள் பெருகுகின்றன. இலைகளை மட்டும் கூட்டமாட்டோம் என்றால், அந்தப் பந்தியில் எழுப்பிவிடப்படுகிறவர்கள் யார்? வாசலில் நின்று சண்டைபோடத் தெம்பில்லாத கிழவர்களே.

இரயில் பிரயாணத்தில் முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20-ல் கொள்ளைநோயைக் காரணங்காட்டி நிறுத்தப்பட்டது. நோய் தணிந்தது. 2025 முடியும் வரையிலும் சலுகை திரும்பிவரவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு மகன் வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் போய்வந்த எத்தனையோ பெற்றோர் அதை எண்ணிப் பெருமூச்சுவிடுகிறார்கள். சின்னச் சின்னக் கிள்ளுகள். ஆனால் கிள்ளப்படுகிறது எப்போதும் ஒரே சதைதான்.

அர்ச். மாற்கு சுவிசேஷம் ஏழாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பரிசேயரைக் கடிந்துகொண்ட ஒரு வழக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதை ஒருவன் “கொர்பான்” என்று சொல்லிவிடுவான். அது தேவனுக்கு நேர்ந்துவிட்டது, இனி பெற்றோருக்கு இல்லை என்று அர்த்தம். சாக்குப் பரிசுத்தமானது. ஆனால் பெற்றோர் பட்டினி. நம் ஆண்டவர் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. மனுஷருடைய பாரம்பரியத்தால் தேவ கற்பனையை அவமாக்குகிறீர்கள் என்று கண்டித்தார். நம் காலத்திலும் கொர்பான் உண்டு. பெயர்தான் வேறு. வளர்ச்சி, சிக்கனம், நிதி ஒழுங்கு இவையெல்லாம் நல்ல வார்த்தைகளே. ஆனால் கிழவியின் கஞ்சிக்கு முன்னால் அவற்றைத் தடுப்பாக நிறுத்தும்போது அவை கொர்பான் ஆகிவிடுகின்றன.

இது வெறும் உவமானமல்ல. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில், இந்தச் சமூக உதவித் திட்டத்துக்கென்று வைத்த பணத்திலிருந்து 2 கோடியே 83 லட்சம் ரூபாய், வேறு திட்டங்களை விளம்பரப்படுத்தத் திருப்பிவிடப்பட்டதாக எழுதியிருக்கிறார். ஏழைக் கிழவர்களின் பணம் சாலையோரத்து விளம்பரப் பலகையாயிற்று.

இங்கே சிலர் குறுக்கிட்டுக் கேட்பார்கள். அவர்கள் கேள்விகளும் நியாயமானவையே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“சுவாமி, தாய் தகப்பனைக் காப்பாற்றவேண்டியது பிள்ளைகளல்லவா? சர்க்காரிடம் கேட்பதென்ன?”

ஆம், முதற்கடமை பிள்ளைகளுடையதே. அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. அர்ச். சின்னப்பர் தம் சொந்தக் குடும்பத்தாரைக் கவனியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்ற கருத்தைக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துகிறது. வீட்டையும் நிலத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரைத் திண்ணையில் தள்ளிய பிள்ளை நம் பங்கிலே இருந்தால், அவன் இந்த மடலின் மீதிப் பக்கத்தை வாசிப்பதற்கு முன் வீட்டுக்குள் போய்த் தாயின் காலில் விழட்டும்.

ஆனால் அதே நிருபத்தில் அதே அதிகாரத்தில் சின்னப்பர் வேறொன்றும் சொல்லுகிறார். குடும்பம் உள்ளவர்களைக் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும். அப்போதுதான் யாருமற்றவர்களைச் சபையின் பொதுப்பணம் தாங்கமுடியும் என்பது அவர் நியாயம். யாருமற்றவர்கள் நம்மிடையே இல்லையா? மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வாழ்நாளெல்லாம் கல்லுடைத்தவன், செல்லூரில் தறிக்குழியில் கால் மரத்துப்போனவன், மாட்டுத்தாவணியில் மல்லிகை கட்டியே கண்பார்வை மங்கினவள், இவர்களுக்கு எந்தக் கம்பெனி பென்ஷன் கொடுக்கிறது? இவர்கள் பிள்ளைகளும் தினக்கூலிகளே. தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துச் சம்பளமா, தாய்க்கு மருந்தா என்று மாசக் கடைசியில் திகைத்து நிற்கும் மகனைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிடலாமா? அந்த உதவித்தொகை பிள்ளையின் கடமையைப் பறிப்பதில்லை. கடமை செய்ய விரும்பும் பிள்ளையின் கையைத் தாங்குகிறது.

“சர்க்காரிடம் பணம் எங்கே இருக்கிறது?”

மேலே சொன்ன கணக்கையே மறுபடியும் பாருங்கள். மத்திய சர்க்கார் தன் பங்கை 200-லிருந்து 500 ஆக்கினால், அந்த 2 கோடியே 21 லட்சம் பேருக்கும் வருஷத்துக்கு அதிகமாகும் செலவு எண்ணாயிரம் கோடிக்குள்தான். 2025–26-ன் மொத்தத் திட்டத்தில் அது நூறு ரூபாய்க்குப் பதினாறு காசு. இருக்கிற 19 காசோடு சேர்த்தாலும் 35 காசு. 2016–17-ல் கொடுத்த 48 காசுக்கு இன்னும் குறைவே. முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. முன்பு முடிந்த காரியத்தையே கேட்கிறோம்.

“இதெல்லாம் அரசியல். கோவில் மடலில் அரசியல் ஏன்?”

எந்தக் கட்சிக்கு வோட்டுப் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொல்லவும் மாட்டேன். மத்தியிலும் மாநிலத்திலும் பல கட்சிகள் ஆண்டு பார்த்தன. 75 ரூபாய் கொடுக்கத் தொடங்கியவர்களும், அதை 200 ஆக்கியவர்களும், 200-லேயே விட்டுவைத்தவர்களும் ஒரே கட்சிக்காரர்களல்ல. நன்மையிலும் எல்லோருக்கும் பங்குண்டு, அசட்டையிலும் பங்குண்டு. ஆனால் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1963-ல் எழுதிய “பூமியில் சமாதானம்” என்னும் நிருபத்தில், முதுமையில் பாதுகாப்புப் பெறுவது மனிதனுக்குரிய உரிமைகளில் ஒன்று என்று தெளிவாகக் கற்பித்திருக்கிறார். உரிமை என்றபின் அதைக் கேட்பது பிச்சையுமல்ல, கலகமுமல்ல.

இனி, எந்த விதமான பராமரிப்பைக் கேட்கவேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சு தேசத்தில் பிரித்தானி மாகாணத்தில் சான் ஜுகான் என்ற ஏழைப்பெண் 1839-ல் ஒரு குருட்டு விதவையைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து, தன் கட்டிலில் படுக்கவைத்து, தான் பரணில் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த ஒரு கட்டிலிலிருந்து ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை பிறந்தது. 2009-ல் 16-ஆம் ஆசீர்வாதப்பர் அவளை அர்ச்சியசிஷ்டவளாக உயர்த்தினார். ஆதரவே இல்லாதவர்களுக்கு இல்லங்கள் வேண்டும். அவற்றை நடத்தும் கன்னியருக்குச் சர்வேசுரன் கைம்மாறு அளிப்பாராக. ஆனால் பெரும்பாலான வயோதிகர் விரும்புவது என்ன? தன் சொந்தத் திண்ணை. தான் நட்ட முருங்கை மரம். தெரிந்த முகங்கள். சாயங்கால ஜெபத்துக்கு அடிக்கும் கோவில் மணி காதில் விழும் தூரம். அங்கேயே இருந்து அங்கேயே கண்மூட வேண்டும் என்பதே அவர்கள் ஆசை.

அதற்கு வழியுண்டு என்று அண்டை மாநிலமான கேரளம் காட்டிற்று. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஒரு சிறு சங்கத்திலிருந்து, படுக்கையில் கிடப்போரை அக்கம்பக்கத்தாரே வீடுதேடிப் போய்க் கவனிக்கும் முறை ஊரூராகப் பரவிற்று. நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டு 5-ல் “மக்களைத் தேடி மருத்துவம்” தொடங்கி, தொண்டர்களும் செவிலியரும் வீட்டுக்கே வந்து இரத்தக்கொதிப்பு பார்த்து மாத்திரை கொடுக்கவும், பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் ரேஷன் பொருளை முதியோர் வீட்டுக்கே கொண்டுபோகும் ஏற்பாடும் ஆரம்பமாயிற்று. நல்லதைச் செய்தபோது நன்றி சொல்லவேண்டும். அதோடு, தொடங்கியதைக் குறையவிடாமல் காக்கவும் வேண்டும். புதுத் திட்டத்துக்குத் திறப்புவிழா உண்டு. பழைய திட்டத்துக்குப் பணம் குறையும்போது மூடுவிழா நடத்துவதில்லை. அது சத்தமில்லாமல் மெலிந்துபோகும். அந்த அஞ்சறைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வீடுதேடி வந்தது. கஞ்சிக்குப் பணம் வரவில்லை. ஆகவே மாத்திரையும் வீணாயிற்று. ஒன்றை வெட்டினால் மற்றதும் விழும்.

ஆதலால், பிரியமான குடும்பத்தாரே, மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, வீட்டிலே. இன்று இரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும் வீட்டிலுள்ள பெரியவர் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். சாப்பிட்டார்களா, மாத்திரை போட்டார்களா, பென்ஷன் வந்ததா என்று கேளுங்கள். வாங்கின பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். பேரனுக்கு மிட்டாய் வாங்கவும் உண்டியலில் ஒரு காசு போடவும் அவர்களுக்கும் ஆசையிருக்கும்.

இரண்டாவது, பங்கிலே. ஒவ்வொரு அன்பியத்தாரும் தங்கள் தெருவிலுள்ள தனித்து வாழும் முதியோர் எல்லோருடைய பெயரையும், எந்த மதத்தாரானாலும் சாதியாரானாலும் வித்தியாசம் பாராமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எருசலேமில் விட்டுப்போனவர்கள் அந்நிய பாஷைக்காரர்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு உதவித்தொகை வருகிறது, யாருக்கு நின்றுவிட்டது, யாருக்கு உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாததால் பணம் எடுக்க முடியவில்லை என்று குறியுங்கள். அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையாரும், படித்த வாலிபர்களும் மனு எழுதிக்கொடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்குக் கூடவே போகவேண்டும். கிழவரைத் தனியாக அனுப்பவேண்டாம். நானும் இனி முதல் வெள்ளியன்று நன்மை கொடுத்தபின், அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு கேள்வி கேட்காமல் எந்த வீட்டையும் விட்டு எழும்பமாட்டேன் என்று உங்கள் முன்பாக வாக்குக் கொடுக்கிறேன்.

மூன்றாவது, நாட்டிலே. டில்லியில் பிப்ரவரி மாதம் வாசிக்கப்படும் வரவுசெலவுத் திட்டம், இலையுதிர் காலத்திலிருந்தே தயாராகத் தொடங்கிவிடும். ஆகையால் கேட்பதற்கு இதுவே காலம். நம் பாராளுமன்ற அங்கத்தினருக்கும் சட்டசபை அங்கத்தினருக்கும் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள். வசை வேண்டாம். முதியோர் உதவித்தொகையில் மத்தியப் பங்கை விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தவேண்டும், 2001-ன் வரம்பை மாற்றவேண்டும், வீடுதேடி வரும் பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைக்கக்கூடாது என்று மூன்றே வரி போதும். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். கீழே பெரியவர் கைநாட்டு இருக்கட்டும்.

ஒரு கடிதத்தால் என்ன ஆகும் என்று சோர்ந்துபோக வேண்டாம். அர்ச். லூக்காஸ் பதினெட்டாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். தேவனுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதியாத ஒரு நீதிபதி. அவனிடம் ஓயாமல் போய் நியாயம் கேட்டவள் ஒரு விதவை. அவளிடம் பணமில்லை, சிபாரிசில்லை. கேட்பதை நிறுத்தாத மனம் ஒன்றே இருந்தது. கடைசியில் அவன் நியாயம் செய்தான். ஜெபத்தில் தளராதிருக்க இந்த உவமையைச் சொன்ன நம் ஆண்டவர், அதற்குத் திருஷ்டாந்தமாகத் தெரிந்துகொண்டது மனுக்கொடுத்த ஒரு ஏழை விதவையை என்பது நமக்குத் தைரியம் தரட்டும்.

சிலுவையில் தொங்கி உயிர்போகிற வேளையில் நம் ஆண்டவருக்கு எத்தனையோ கவலை இருந்திருக்கலாம். உலக இரட்சணியம் முழுவதும் அவர் தோள்மேல் இருந்தது. அந்த நேரத்திலும் அவர் தம் விதவைத் தாயின் எதிர்காலத்துக்கு ஏற்பாடு செய்யாமல் கண்மூடவில்லை. அருளப்பரிடம் ஒப்புவித்தார். அருளப்பர் அன்றுமுதல் அவளைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். நான்காம் கற்பனையைச் சிலுவைமேல் இருந்துகொண்டு அனுசரித்த ஆண்டவரின் பிள்ளைகள் நாம்.

வியாகுல மாதாவே, எங்கள் மதுரைப் பட்டணத்தின் தாயே, தள்ளாத வயதில் தனித்திருக்கும் தாய் தகப்பன்மாரை உம் முந்தானைக்குள் மூடிக்கொள்ளும். எங்களுக்குப் பார்க்கும் கண்ணையும், கேட்கும் வாயையும், நடக்கும் காலையும் உம் திருக்குமாரனிடம் பெற்றுத் தாரும். ஆமென்.

உங்கள் பங்கு சுவாமி